கங்கம்மாவுக்கு நேர்ந்த சேவலும் உன் சிவப்புக் கோழிகளும்

கண்ணை மூடினால் எதிரில் வந்து நிற்கிற என் அக்காவுக்கு,

சாந்திபுரத்தில் மார்கழி வந்துவிட்டது. காலையில் கோழிக்கூட்டின் தகரம் கை வைக்க முடியாமல் சில்லிட்டிருக்கிறது. நாகலாபுரத்து வெயிலில் வளர்ந்த நீ, கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருடம் இந்தக் குளிரில் என்ன பாடுபட்டிருப்பாய்? அதை ஒருநாளும் நீ எழுதவில்லை. கோழிகள் பட்ட பாட்டைத்தான் எழுதினாய்.

அம்மா கொடுத்தனுப்பிய மொட்டைக்கழுத்துக் கோழிகள் நடுங்கியே செத்துப்போயின. பிளாக் ஆபீசில் கொடுத்த வெள்ளைச் சீமைக்கோழிகள் பெரிய கொண்டையும் மெல்லிய உடம்புமாக மூலையில் ஒடுங்கி, முட்டையை நிறுத்திவிட்டன. கடைசியில் கனத்த உடம்புச் சிவப்புச் சீமைக்கோழிகளையும் இந்த ஊர்க் கறுப்புப் பெட்டைகளையும் சேர்த்தாய். இரண்டும் சாது. குளிர் தாங்குவது மட்டும் போதாது, ராத்திரி ஒரே கட்டையில் ஒட்டி உட்காரச் சம்மதிக்கிற ஜாதியாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அக்கா, நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன்.

புரட்டாசியில் நீ படுத்ததும் உன்னைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். பின்னாலேயே அம்மா ஒரு சேவலைக் கொண்டுவந்தாள். நீ பிழைத்தால் திருப்பதி கங்கம்மாவுக்கு என்று நேர்ந்த சேவல். சண்டை ஜாதி, கழுத்தை நிமிர்த்தினால் என் இடுப்பு வரைக்கும் வரும். நேர்ந்து விட்டதைக் கட்டக் கூடாது, கூடை போட்டுக் கவிழ்க்கக் கூடாது, விரட்டவும் கூடாது. உனக்குத் தெரியாததா? நானே அதை உன் கோழிகளோடு அவிழ்த்து விட்டேன்.

மூன்றே நாளில் உன் சிவப்புச் சேவலைக் குதறிக் கொன்றுவிட்டது. சாயங்காலமானால் கூட்டு வாசலில் வந்து நின்றுகொள்ளும். ஒரு பெட்டையும் உள்ளே போகாது. கறுப்புகள் புளியமரத்தில் ஏறிக்கொண்டன. சிவப்புகளுக்கு உடம்பு கனம், பறக்க வரவில்லை. மரத்தடியில் ஈரத்தில் கிடந்தன.

கட்டிலில் இருந்தபடியே சத்தம் கேட்டு, “என்னாடி, புதுசு எல்லாத்தோடயும் ஒத்துக்கினுச்சா?” என்று கேட்டாய். “ஒத்துக்கினுச்சிக்கா, நீ தூங்கு” என்றேன். நம்பினாயா? கேட்காமலே போய்விட்டேன்.

ஐப்பசியில் நீ போன பிறகும் அந்தச் சேவல் இருந்தது. கோயிலில் கொடுத்துவிட்டு வரலாம் என்று மாமா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். உன்னைப் பறிகொடுத்த மனுஷர், அதற்கு மேல் மாமியாரிடம் என்ன பேசுவார்? அம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “எம் பொண்ண எடுத்துக்கினா அந்தக் கங்கம்மா. இதையும் துன்னணுமா அவளுக்கு? குடுக்க மாட்டேன். இங்கியே கெடக்கட்டும்.” விற்கவும் விடவில்லை, அடைக்கவும் விடவில்லை. மாநில எல்லைத் தகராறில் திருத்தணி தமிழ்ப் பக்கம், நம் நாகலாபுரம் தெலுங்குப் பக்கம் என்று முடிவாகிவிட்டதாம் என்று சொன்னேன். நம் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவள், அதையும் காதில் வாங்கவில்லை.

கார்த்திகையில் இரண்டு சிவப்புகள் செத்தன. நான் அம்மாவுக்குத் தெரியாமல் புதைத்தேன். மூன்றாவதை அம்மாவே பார்த்துவிட்டாள். விடிந்தும் விடியாத பனியில் மரத்தடியில் விறைத்துக் கிடந்தது. எடுத்து முந்தானையில் சுற்றி, அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தேய்த்தாள். அசையவில்லை.

“இது அவ தேடித்தேடி சேத்த கோழிதான?” என்றாள். ஆமாம் என்றேன். “சொல்றதுக்கு என்னாடி உனுக்கு?” என்றாள்.

மறுநாள் சேவலைப் பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, இருவரும் திருப்பதிக்குப் புறப்பட்டோம். சித்தூரில் பஸ் மாறினோம். கண்டக்டர் நல்ல மனுஷர். சேவலைப் பார்த்துவிட்டு, சீட்டில் உட்காருகிறவர்களில் இவர்தான் பெரிய மனுஷர் போலிருக்கிறதே என்று தெலுங்கில் கேலி செய்தார். யாருக்காக வேண்டுதல் என்றும் கேட்டார். மூத்த மகளுக்கு என்றாள் அம்மா. இப்போது எப்படி இருக்கிறாள் என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “பாக உந்தி” என்றாள். நன்றாக இருக்கிறாளாம்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில்கூட அப்படிப் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

கோயிலில் அறுக்க வேண்டாம், அம்மன் பேரில் விட்டுவிடுங்கள் என்று பூசாரியிடம் கெஞ்சிக் கொடுத்தாள். கும்பிட மட்டும் மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது சிவப்பில் நான்கும் கறுப்பில் ஐந்தும் இருக்கின்றன. சிவப்புகள் அன்று சாயங்காலமே கூட்டுக்குள் போய்விட்டன. கறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக மரத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. நான் ஏணியில், அம்மா கீழே முந்தானையை விரித்துக்கொண்டு. வடக்குப் பக்கம் சாக்குத் தொங்கவிட்டு, அடியில் வேர்க்கடலைத் தோல் கனமாகப் பரப்பியிருக்கிறேன். பிளாக் ஆபீஸ்காரர் மறுபடி வெள்ளைக்குஞ்சு தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மூன்றையும் உன் சேவலையும் நான்தான் சாகவிட்டேன், அக்கா. மீதி ஒன்பதையும் இந்தக் குளிர் தாண்டிக் கரையேற்றுவேன். முடியாமல் ஒன்று போனால், போனது என்றே உனக்கு எழுதுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
உன் தங்கை