ஐந்து நிமிட இணைப்பு

மார்ச் 4, திங்கள்
கிளினிக்கிலிருந்து மறுபடி புகார். எங்கள் மென்பொருள் நோயாளிகளுக்கு அனுப்பும் எக்ஸ்ரே படத்துக்கான இணைப்பு திறக்கவில்லையாம். வந்து சேர்ந்த ஐந்து நிமிடத்துக்குள் தட்டினால் திறக்கும். நோயாளியின் எலும்பை ஊரெல்லாம் பார்க்கக் கூடாது என்றுதானே அப்படி வைத்தேன்?

ஜனவரியிலேயே சுரேந்தர் சொன்னான். "அஞ்சு நிமிஷம் பத்தாது லா, ரெங்கா அண்ணே. நோயாளிகிட்ட இருக்கிற லிங்க் சாகாம இருக்கட்டும். தட்டுறப்பல்லாம் நோயாளியா, அவர் சொன்ன ஆளான்னு கேட்டுட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கிற புது லிங்க் ஒண்ணு குடுத்துடலாம்." எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். எட்டு வயது இளையவன். சர்வர் தாங்காது என்று மறுத்தேன்.

தாங்கும். எனக்குத் தெரியும்.

மார்ச் 6, புதன்
வீட்டிலிருந்து வேலை. யாரோடும் பேசவில்லை. மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் தலையசைத்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

மார்ச் 7, வியாழன்
ஜாலான் புசார் கிளினிக்குக்கு நேரில் போனேன். இணைப்பைத் தட்டத் தெரியாதவர்கள் என்று நிரூபிக்கத்தான் போனேன். வரவேற்பில் இருக்கும் யும்னா, "இவர் மூணாவது வாட்டி வர்றார் சார்" என்று ஒருவரைக் காட்டினாள்.

சின்னராசு. கப்பல் பட்டறைத் தொழிலாளி, மணிக்கட்டு முறிவு. ஊரில், அரியலூரில் நர்சாக இருக்கும் அக்கா படத்தை அங்கே டாக்டரிடம் காட்டிச் சொன்னால்தான் இவர் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாராம். திரையைப் படமெடுத்து அனுப்பிப் பார்த்திருக்கிறார், மங்கலாக இருந்ததாம். தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகச் சேரும்.

"அக்கா டூட்டியில போன் தொட மாட்டாங்க சார். முடிஞ்சு வந்து பாக்குறப்ப லிங்க் செத்துருது."

"வந்த உடனே பார்க்கச் சொல்லுங்க."

"அவங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல சார்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 8, வெள்ளி
ஐந்து நிமிடத்தை ஒரு நாளாக்கலாம். ஆக்கினால் அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் நாள் முழுக்கத் திறக்கும். படத்தை எங்கள் சர்வர் வழியாகவே அனுப்பலாம் — காலை நெரிசலில் அதுதான் நிஜமாகவே தாங்காது. சரியான வழி ஒன்றுதான். அதை ஏன் அவன் சொல்லணும்? எனக்கு ஏன் முதல்ல தோணல?

ச்சே. இதுக்காகவா ஒருத்தன் கை கோணிப் போகணும்?

மார்ச் 9, சனி
நிரலை எழுதி முடித்தேன். நாற்பது வரி. மாற்றக் குறிப்பில் 'சுரேந்தர் ஜனவரியில் சொன்ன முறை' என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, அவனுக்கு அனுப்பினேன்.

அவனிடமிருந்து வந்தது ஒரே சொல்: 'ஓகே'. எரிச்சலாக இருந்தது. வேறு என்ன எதிர்பார்த்தேன்?

மார்ச் 11, திங்கள்
சின்னராசு அழைத்தார். "அக்கா பாத்துட்டாங்க சார். அங்க டாக்டரும் ப்ளேட் வைக்கத்தான் வேணும்னுட்டாரு." வியாழக்கிழமை ஆபரேஷன்.

"கூட யார் வர்றாங்க?"

"யாரு சார் இருக்கா? எல்லாருக்கும் ஷிப்ட்."

மார்ச் 13, புதன்
நாளைக்கு விடுப்பு கேட்டேன்.

"நீங்களா, லீவா? உடம்பு சரியில்லையா அண்ணே?" என்றான் சுரேந்தர்.

எனக்கில்லை என்றேன். சின்னராசுவைப் பற்றிச் சொன்னேன். தன் நாளைய காலண்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டான்.

சொன்னேன்.