நஸ்ரினுடையதே போதுமாம்

மாசி, செவ்வாய் இரவு

உப்பள ஆபீசில் பாத்திக் கணக்கு ஏற்ற எதை வாங்குவது என்று முதலாளி இன்று முடிவு செய்துவிட்டார். நான் சொன்னது கிளவுட் டேட்டாபேஸ்; போன் திரையில் தொட்டுத் தொட்டுக் கணக்கை ஏற்றுவது. கோட்டக்குப்பத்து நஸ்ரின் சொன்னது லோ-கோட் தளம். அதிகம் கோடு எழுதாமலே போனில் பேசுவதை ஆபீஸ் ஷீட்டோடு இணைத்துவிடலாமாம். நேற்று வந்தவள்.

சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டது மேஸ்திரியை, அதாவது என் அப்பாவை. பாத்தியிலிருந்து நேராக வந்தார். தன் போனில் நான் போட்டு வைத்திருந்த திரையைத் தொட்டார், மறுபடி தொட்டார். உப்பில் காய்ந்து வெடித்த விரலை அது ஏற்கவே இல்லை. வீட்டில் தினமும் அவருக்குப் போனில் நம்பர் போட்டுக் கொடுப்பவள் நான். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

நஸ்ரின் தன் போனை நீட்டினாள். "சைடு பட்டன அமுக்கிட்டுப் பேசுங்க மாமா, போதும்."

மாமாவாம்!

"மேக்கால பாத்தி வாரியாச்சு" என்றார் அப்பா. மேற்குப் பாத்தியில் உப்பு வாரிய கணக்கு ஷீட்டில் ஏறிவிட்டது.

"இதையே வச்சிக்கலாம்மா" என்றார் முதலாளி, அவளைப் பார்த்து.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா போனை என்னிடம் தந்தார். "அந்தப் பொண்ணு செஞ்சத இதுலயும் போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். என்னுடையதை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

கீழே விழுந்த பிள்ளையைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா."