மாடிக்குப் போன மீசை

ஜூன் 9

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். முன்னறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை.

என் எலி மீசை இன்று நாலாம் படி ஏறிவிட்டான். அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு எலிக்கும் ஒரு படி உண்டு. தொட்டால் சுருங்குவது முதல் படி; அது புழுவுக்கே தெரியும். பழகிக் கற்பது இரண்டு. வழியை ஞாபகம் வைப்பது மூன்று. மற்ற எலி பார்க்காத நேரம் பார்த்துத் தின்பண்டத்தை ஒளிப்பது நாலு. மீசை ஒளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் கழுவிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மற்றவர்கள் கையைக் கடிப்பான். அதனால் பள்ளி விட்டதும் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன்.

"உன் சிஷ்யன் அஞ்சு ஏறிட்டான்னா நேரா மாடிதான்," என்றார் அப்பா.

"மாடியில ஜன்னல் இருக்காப்பா?"

"இருக்கே."

ஜூன் 17

கூண்டு கழுவும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"மாடிக்குப் போனது எதுவும் திரும்பி இறங்கினதில்ல பாப்பா. மூளையை வெங்காயத் தோல விட மெல்லிசா சீவுவாங்க. எந்த நரம்பு எதோட சேருதுன்னு பாத்து, அதே மாதிரி மெஷினுக்கு நரம்பு கட்டறாங்களாம். அதான் புத்திசாலியா பாத்து எடுக்கறது. மக்கு எலி மூளை யாருக்கு வேணும்?"

அப்போ நான் கற்றுக்கொடுத்ததெல்லாம்?

அப்பாவுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

ஜூன் 18

கேட்டுவிட்டேன்.

"வலிக்காதும்மா. தூங்கிடும். அதோட அறிவு மட்டும் மெஷின்ல அப்படியே இருக்கும்."

"ஜன்னல் இருக்குன்னீங்க."

"ஜன்னல் இருக்குதே."

அம்மா தட்டைப் பார்த்தாள். "ஒரு எலிக்காகவா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

ஜூன் 19

மீசையை மக்காக்க வேண்டும்.

ஜூன் 26

நகத்தோடு நகத்தை உரசுகிறேன். எலிக் காதுக்குக் கேட்கும், பெரியவர்களுக்குக் கேட்காது. உரசினால், தின்பண்டம் வராத பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவன் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டுவேன். அதற்காக அவன் எதையும் செய்வான்.

பயமாக இருக்கிறது. அப்பா கண்டுபிடித்தால்?

ஜூலை 2

ஐந்தாம் படிச் சோதனை. இன்னொரு எலி செய்வதைப் பார்த்தே கற்க வேண்டும். மீசையைப் பட்டினி போட்டிருந்தார்கள். அந்த எலி நீலப் பொத்தானை அமுக்கித் தின்றது. மீசை நேராக நீலத்துக்கு ஓடினான். கையை மேசைக்கடியில் வைத்து உரசினேன். நின்றான். காது திரும்பியது. என்னைப் பார்த்தான். போய் மஞ்சளை அமுக்கினான்.

மறுபடியும் அப்படியே. மறுபடியும். கிண்ணம் காலி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "பசியில இருக்கான். சாப்பாடு எங்கன்னு தெரியும். நீலத்துக்குப் போயிட்டுத் திரும்பறான். உன் பேச்சைக் கேக்கறான். எப்படிச் சொன்னே?"

கையைப் பாவாடைக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

"இது அஞ்சு இல்லம்மா. இதுக்கு நாங்க இன்னும் படியே போடல."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

உரசாமல் இருந்திருந்தால் அஞ்சு. உரசினதால ஆறு. எப்படிப் பார்த்தாலும் மாடிதான். ஐயோ, என்னை நம்பினானே. அதுக்கா?

ஜூலை 3

மீசையின் கூண்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அக்டோபர் 21

அப்பா இன்று என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் இருந்தது.

மேசை மேல் சக்கரம் வைத்த தகரப் பெட்டி. மேலே இரண்டு குட்டிக் காதுகள். எதிரில் நீலம், மஞ்சள் பொத்தான்கள்.

"இதான் மீசை. சும்மா முட்டிக்கிட்டே இருக்கு. எதாவது ஞாபகம் இருக்கான்னு உனக்குத்தான் தெரியும். இருந்தா மிச்ச எலிங்களையும் வரிசையா மாடிக்கு ஏத்திடலாம்."

ஃபோன் வந்தது, வெளியே போனார்.

பெட்டி நீலத்தை நோக்கி நகர்ந்தது. மெதுவாக உரசினேன். நின்றது. காதுகள் திரும்பின. போய் மஞ்சளை அமுக்கிவிட்டு, அங்கேயே காத்திருந்தது.

அதற்கு வயிறு இல்லை. அடித்தகட்டில் விரல் வைத்தேன். சில்லென்று இருந்தது.

அப்பா கதவைத் திறந்தார். "எதாவது தெரியுதாம்மா?"

"இல்லப்பா. சும்மா முட்டுது."

அப்பா என்னை நம்பினார்.