பழந்தண்ணீர்

பெப்ரவரி 11, புதன்

வெள்ளவத்தையில் நீர்வெட்டு தொடங்கி ஒரு கிழமை. இரவில் கொஞ்சம் விடுகிறார்கள். அது மோட்டரில் ஏறி மொட்டைமாடித் தாங்கியை அரைவாசி நிரப்பும். அந்தத் தாங்கிக்கு நேர் கீழே இருந்தும் கடைசியாகத்தான் எங்களுக்கு. கீழே நான்கு மாடியும் குழாயைத் திறந்தால் ஐந்தாம் மாடிக்குக் காற்றுத்தான் வரும்.

இவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு எனக்குத் தண்ணீர் யோசனைதான் எந்நேரமும். பம்பர்ஸ் கட்டினால் தோல் புண்ணாகிறது. ஆகவே துணி. துணி என்றால் கழுவவேண்டும். ஒரு கறை படாத வெள்ளைச் சட்டையோடு கந்தோருக்குப் போய்வந்த மனிதர். இப்போது மணம் எழும்பினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

மரக்கறி கழுவிய தண்ணீர் துணி ஊறவைக்க. துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு. நான் குளிப்பதில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 14, சனி

நாளை சிவராத்திரி. கட்டடம் முழுக்க வீடு கழுவுகிறார்கள். இரண்டாம் மாடி உஷாந்தியின் வாசலால் தண்ணீர் படியில் வழிந்து ஓடுகிறது. முந்தநாள் பிடித்துவைத்ததை எல்லாம் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறாளாம்.

“பழந்தண்ணியில விரதச் சமையல் செய்யேலாது அன்ரி.”

பழஞ்சோறு கேள்விப்பட்டிருக்கிறேன். கடலிலும் முகிலிலும் கோடி வருடம் கிடந்த தண்ணீர், இவளுடைய வாளிக்குள் இரண்டு நாளில் பழசாகிவிட்டது! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே. இவருக்கு ஒருநாள் போயிருக்கும்.

இறைக்கிற கிணறுதானே ஊறும் என்று சிரிக்கிறாள் வேறு. யாழ்ப்பாணத்துக் கிணற்றை விட்டு வந்து எத்தனை வருடம்! தாங்கி ஊறாது பிள்ளை என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பெப்ரவரி 17, செவ்வாய்

எங்கள் கட்டடச் சங்கத்துச் செயலாளர் டெரிக்கிடம் போனேன். தாங்கி வால்வைக் காலையும் மாலையும் மட்டும் திறந்தால் எல்லா மாடிக்கும் கிடைக்கும் என்றேன். நல்ல மனிதர், உடனே வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘இராசரத்தினம் அங்கிளின் நிலைமையை முன்னிட்டு, நாளை முதல்.’ எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். மூன்றாம் மாடி பூவும் போட்டது.

பிறகு, நாளைக்குப் பூட்டப்போகிறார்கள் என்று, சட்டி, பானை, குழந்தை குளிக்கும் பேசின் வரை நிரப்பினார்கள். பொழுதுபட முன்னரே தாங்கி காய்ந்துவிட்டது. பூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

பெப்ரவரி 18, புதன்

ஒரு துளி இல்லை. இவருக்கு முன்னால் அழுதுவிட்டேன். அழுதிருக்கக் கூடாது.

பெப்ரவரி 21, சனி

இன்றைக்கு ஒரேயொரு தரம்தான் துணி மாற்றினேன். நேற்றும் அப்படித்தான். உடம்பு தேறுகிறதோ? வாளியில் மிச்சம் இருக்கிறது என்று அவரிடமும் சொன்னேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

பெப்ரவரி 24, செவ்வாய்

காய்ச்சல். கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார். டொக்டர் வந்து கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லையாம். சிறுநீரில் கிருமி, இரத்தத்திலும் ஏறியிருக்கலாமாம். குடிக்கக் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் கொடுத்தேன். வாயில் வாங்குவார், பிறகு கடைவாயால் துவாயில் வழியும். பாரிசவாதத்தால் வழிகிறது என்று நான் துடைத்துவிட்டேன் — அவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். டொக்டர் போனதும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். குழறிக் குழறிச் சொன்னார்.

“கழுவ உம்மிட்ட தண்ணி இல்லையே, பத்மா.”

மிச்சம் மிச்சம் எண்டு சந்தோசப்பட்டனே — கடவுளே, அதையும் அவருக்குச் சொன்னனே.

பெப்ரவரி 26, வியாழன்

ஆஸ்பத்திரி. கையில் சேலைன். என்னைத் தெரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

விடியும்போது போய்விட்டார்.

மார்ச் 3, செவ்வாய்

பின்னேரம் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

காலையிலேயே ஒழுங்கைக்குள் ஒரு தண்ணீர் பவுசர் லொறி வந்து தாங்கியை நிரப்பியது. டெரிக் எல்லா மாடியிலும் காசு சேர்த்து எடுப்பித்திருக்கிறார். நான் கேட்கவில்லை, எவரும் சொல்லவேண்டியும் இருக்கவில்லை. செத்தவீடு என்றால் சனம் குளிக்கவேண்டும், வீடு கழுவவேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அவரைக் கொண்டுபோன பிறகு உஷாந்திதான் எங்கள் வீட்டைக் கழுவினாள். முழங்காலில் நின்று, அழுது அழுது, அவருடைய கட்டிலுக்குக் கீழேயும் தேய்த்தாள். அவளைத் திட்ட நினைத்திருந்தேன்.

என்னைக் குளியலறைக்குள் அனுப்பினார்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சுவரோடு குந்தினேன். முழு வேகத்தில் வந்தது. வாளி நிரம்பி நிலத்தில் வழிந்துகொண்டிருந்தது. நான் எழும்பி மூடவில்லை.