வட்டக்காரை வாங்கலாமா, அக்கா?

என் உசுருக்கு உசுரான அக்கா,

நீ போன பிறகு உன்னைக் கேட்காமல் எத்தனையோ முடிவு எடுத்துவிட்டேன். இது ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. உன் பேத்தி முத்துமாரி கார் வாங்கப் போகிறாள். எந்தக் கார் என்று சொன்னால் அங்கிருந்தே கைகொட்டிச் சிரிப்பாய். வட்டக்கார், அக்கா. தவளை உட்கார்ந்த மாதிரி நம் பட்டாசுக் கம்பெனி மொதலாளி வீட்டு வாசலில் நிற்குமே, அதே சாயல்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நீ பொறுக்க வேண்டியதில்லை, உனக்கு அந்த இரண்டாம் வகுப்பும் இல்லை.

முத்துமாரி இப்போது சிவகாசி அச்சாபீஸில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுகிறாள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். சீசன் வந்துவிட்டால் அச்சாபீஸுக்கும் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் ஸ்கூட்டரில் அலைந்து முகம் கருத்துப் போகிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு கார் வேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று யார் சொல்வது?

உன் மகன் முருகன் சொன்னான். கார் வேண்டாம் என்றல்ல, அந்தக் கார் வேண்டாம் என்று. ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற உசரமான வெள்ளைக் காரை எடு என்கிறான்.

“நாலு கதவு இல்லாதது என்ன காரு தாயி? பின்னாடி ஒரு ஆளு ஏறணும்னா முன்னாடி இருக்கிறவுக எறங்கி சீட்ட மடக்கணும். சித்தி இந்த முட்டிய வச்சுக்கிட்டு எப்படி ஏறும்?”

“சின்னப்பத்தா முன்னாடிதான் உக்காரும். நீங்க பின்னாடி ஏறுங்கப்பா. உங்க முட்டி நல்லாத்தான இருக்கு?”

“ஒரு சாமான் போச்சுன்னா இங்கன கெடைக்குமா? அடிவயிறு வேற தணிவா இருக்கு. விஸ்வநத்தத்து வேகத்தடையில ஏறுமா, உக்காந்துக்கிடுமா?”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜெர்மன்காரன் பழைய காரின் முகத்தை வைத்துப் புதிதாகச் செய்த கார் அது. உள்ளே இருக்கிற எந்திரமெல்லாம் இந்தக் காலத்தது, முகம் மட்டும் நம் காலத்து முகம். யாரோ ஒரு டாக்டர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்றது, மதுரையில் ஒரு கடையில் நிற்கிறது. பழுதானால் சாமான் எங்கிருந்தோ வரவேண்டும். அதுவரை வாசலில் சும்மா நிற்கும்.

அவள் கேட்கவில்லை. “அந்தக் காரு தெருவுல போனா தெருவே சிரிக்கும்னு அப்பத்தா சொல்லும்ல, எனக்கு அதான் வேணும்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ஆனா சின்னப்பத்தா வேணாம்னு சொன்னா வேணாம்” என்று என் தலையில் வைத்துவிட்டாள்.

பிள்ளையிடம் நீ அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். மீதியை ஏன் விழுங்கினாய், அக்கா? எனக்கு விழுங்கத் தெரியாதே.

சித்திரை வெயில். முருகன் உன் வயிற்றில் இருந்தான். கம்பெனி வேன் பழுதாகிவிட்டது என்று எல்லாரும் நடந்து வந்தோம். உன் முகம், கை, சேலை எல்லாம் அலுமினியப் பவுடர். வெள்ளியில் வார்த்த சிலை மாதிரி மினுங்கினாய். வேப்பமரம் வருவதற்குள் கண் இருட்டி விழுந்துவிட்டாய். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். அப்போதுதான் அந்த வட்டக்கார் வந்தது. டிரைவர் நிறுத்தினார். உள்ளே மொதலாளியம்மா. கண்ணாடியை இறக்கி உன்னைப் பார்த்தாள்.

“சீட்டுல ஒட்டிக்கிடுமேப்பா. ஒட்டுனா போகாது அது. வேன் வரும், இருக்கட்டும்.”

கார் போய்விட்டது. வழியில் வந்த மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்த்தான் நீ பிழைத்தாய். கண் திறந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, “அந்தக் காரு உள்ளுக்கு எப்படிடி இருந்துச்சு?” நீ காரைப் பார்த்தாய். நான் அவளைப் பார்த்தேன். இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோதும் பார்த்தேன். கிழவியாகிவிட்டாள். மகன் கார் அனுப்புவான் என்று கோயிலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பொங்கல் வைத்து இறக்கி வந்த பிறகும் நின்றாள். “நல்லாயிருக்கீகளா?” என்று அவளாகத்தான் கேட்டாள். நான் காது கேட்காதவள் மாதிரி வந்துவிட்டேன். என் காது எம்புட்டு கூர்மை என்று உனக்குத் தெரியும்.

இப்போது சொல், அந்த முகம் உள்ள காரை நம் வாசலில் நிறுத்த எனக்கு மனசு வருமா?

வேண்டாம் என்று சொல்லத்தான் முத்துமாரியோடு மதுரைக்குப் பஸ் ஏறினேன். பார்க்காமல் சொன்னால் பிள்ளை மனசு ஆறாதே என்று போனேன்.

கடைக்குள் நுழையும்போது ஒரு கூத்து. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் இரும்புத் தூணில் உள்ளங்கையை அழுத்தி வைத்து நின்றுவிட்டேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு அனுப்புவோமே, அந்தப் பழக்கம். காரைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. கடைக்காரத் தம்பி பதறிப்போனான்.

“பாட்டி, தூணக் கும்புடுறீங்களே, சாமி படம் உள்ள இருக்கு.”

“சாமி இல்ல தம்பி, கரண்டு. தொடாமப் போனா வெடிச்சிரும்.”

“கார் வெடிக்காது பாட்டி!”

“எங்க சின்னப்பத்தாவுக்கு எல்லாமே வெடிக்கும்” என்று முத்துமாரி சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

அக்கா, கோபத்தோடு போனவள்தான், பொய் சொல்ல மாட்டேன். என்ன அழகு! இருக்கன்குடியாள் மேல் பூசிய மஞ்சள் நிறம். குளிப்பாட்டித் துடைத்த பிள்ளையின் கண் மாதிரி உருண்டையாக இரண்டு விளக்கு. மூலை என்று ஒன்று எங்கேயும் இல்லை, குயவன் சக்கரத்தில் வைத்துத் தட்டியது போல இருக்கிறது. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் இல்லை, நெல்லுக் குதிரின் வாயை மூடினாற்போல பொத்தென்று ஒரு சத்தம். உள்ளே உட்கார்ந்தால் தலைக்கு மேலே அம்புட்டு இடம். இருக்கை பால் நிறம்.

நீ கேட்டாயே, உள்ளே எப்படி இருந்தது என்று? இப்போது சொல்கிறேன். ஸ்டியரிங் பக்கத்தில் பூ வைக்க ஒரு குழல் இருக்கிறது. ஆமாம், பூ வைக்க! பொறி பறக்குமென்று ஹேர்பின்னைக் கம்பெனி கேட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று வாழைநாரில் கட்டிப் பூ வைத்துக்கொண்டு வருவாயே, அந்த உன்னை நினைத்துத்தான் செய்தானோ அந்த ஜெர்மன்காரன்? என் தலையிலிருந்து ஒரு கிள்ளு கனகாம்பரம் எடுத்து அதில் வைத்தேன். பொருந்தி உட்கார்ந்தது.

அப்போது அந்தத் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “சீட் லைட் கலர்தான். கவலப்படாதீங்க, பிளாஸ்டிக் கவர் போட்டுத் தந்துருவோம். எதுவும் ஒட்டாது” என்றான்.

வெளியே இறங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முத்துமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரம், வெள்ளிப் பவுடர், இறங்கிய கண்ணாடி, எல்லாம். திருமங்கலம் தாண்டியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அந்தக் காரு வேணாம் சின்னப்பத்தா. அப்பா சொன்ன வெள்ளக் காரே எடுப்போம்” என்றாள்.

இதைக் கேட்கத்தானே போனேன்? கேட்டதும் ஏன் கசந்தது? அவள் கையில் அந்தக் கடைக்காரன் கொடுத்த படம். உன்னைப் போலவே விரலால் அந்த வளைவைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்கிறாள். மொதலாளியம்மா ஒருதரம் உன் ஆசையை ரோட்டில் போட்டுவிட்டுப் போனாள். இன்னொரு தரம் நான் போடணுமா?

“ஏ கழுத, காரு என்னடி செஞ்சுச்சு? அன்னைக்கு அந்த டிரைவரு நிறுத்தத்தான செஞ்சாரு? போகச் சொன்னது அவ. நீ மஞ்சளையே எடு. ஆனா சீட்டுக்குக் கவரு போட்டேன்னா நான் ஏற மாட்டேன், ஆமா.”

“அழுக்கானா?”

“ஆகட்டும். வேல விட்டு எந்தப் புள்ள வெள்ளியோட நடந்து வந்தாலும் நிறுத்தி ஏத்திக்கிடணும். ஒட்டுனா தொடச்சுக்கிடலாம்.”

முருகனுக்கு விஷயத்தை நான்தான் சொன்னேன். முனகினான். அப்புறம் அவனே விஸ்வநத்தம் போய் வேகத்தடை ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துவிட்டு வந்து, “சாஞ்சாப்ல மெதுவா ஏத்துனா ஏறிரும் சித்தி” என்றான். உன் மகன்தானே.

முகூர்த்த நாள் பார்த்து எடுக்கப் போகிறார்கள். வரும் ஆடி வெள்ளிக்கு அந்தக் காரில்தான் இருக்கன்குடி. முன்னிருக்கை எனக்கு, குழலில் உன் பூ.

மொதலாளியம்மாவும் அங்கே நிற்பாள் என்று என் மனசு சொல்கிறது. நின்றால் என்ன செய்ய? அந்தக் காரில் அவள் பின்னால் ஏறவேண்டும் என்றால் முன்னால் இருக்கிற நான் இறங்கி, இருக்கையை மடக்கி, வழிவிட்டு நிற்கணும். வேறு வழியே இல்லாமல் செய்து வைத்திருக்கிறான் அந்த ஜெர்மன்காரன். இந்த முட்டியோடு, அவளுக்காக, நான்!

நான் எதையும் மறக்கவில்லை, அக்கா. மறக்கவும் மாட்டேன். ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். காரை நிறுத்தச் சொல்லுவேன். இறங்குவேன். இருக்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏறுங்கம்மா. சீட்டுல ஒண்ணும் ஒட்டாது. ஒட்டுனாலும் பரவாயில்ல” என்பேன். அது அவளுக்குச் சுருக்கென்று குத்தினால் குத்தட்டும். அந்தக் குத்தலை மட்டும் நீ எனக்கு விட்டுக்கொடு.

அவளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவேன்.

உன் வெள்ளியை மடியில் தாங்கிய தங்கச்சி,
சின்னத்தாய்