மெஷினில் பழுது இல்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், பொய் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நீயாவது நன்றாக இருக்கிறாயா? இருந்தால் இதை உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் அம்மாவுக்குத் தைராய்டு. கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். நாலு மாதமாக அவள் தைத்துக் கொடுக்கிற ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? மூன்று தடவை மெஷினைப் பிரித்துப் போட்டேன். ஊசியை மாற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். அதை ஓட்டுகிற கையை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வேளை சாப்பிட்டும் துரும்பாக இளைத்துவிட்டாள், ஃபேனுக்கு அடியிலேயே வேர்க்கிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நானோ, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டியே என்று கேலி பேசினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வீட்ல ஏதாவது மனக்கஷ்டமாம்மா என்று கேட்டார். கவலையால் மட்டுமே வந்தது என்று சொல்ல முடியாதாம், ஆனால் உள்ளே பதுங்கியிருக்கிற நோயை அது கிளப்பிவிடலாம், வந்ததை அதிகமாக்கவும் செய்யலாமாம். நான் முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், ராணி மாதிரி வச்சிருக்கேன் என்றேன். உன் அம்மா ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உடைந்து அழுதாள். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது.

எட்டு மாதமாக நீயும் மருமகளும் தனித்தனியாக இருக்கிறீர்களாமே! ஞாயிற்றுக்கிழமை உன் ஃபோன் வந்தால் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என் தலையை உருட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நீ ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா, கத்துவாரு என்று சொல்லி வைத்துவிடுவாய். உனக்குப் பாரம் இறங்கிவிடும். அவள்? அடுத்த ஞாயிறு வரைக்கும் அதை நெஞ்சில் பூட்டிவைத்துக்கொண்டு எனக்குச் சிரித்த முகம் காட்ட வேண்டும். அவள் என்ன மனுஷியா, குப்பைத் தொட்டியாடா? முப்பத்தினாலு வயசு ஆகிறது, அறிவு எங்கே போச்சு உனக்கு? எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. நான் கத்திக் கத்தியே உங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்திருக்கிறேன் என்பதும் அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அம்மா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு உடனே அவளைக் கூப்பிட்டு அழுது தொலைக்காதே. மருமகளிடம், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு. சேர்ந்து இருந்தாலும் பிரிந்து இருந்தாலும் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஃபோனை நான்தான் எடுப்பேன். அம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்றைக்கே என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒரு கோளாறும் கிடையாது. கொட்ட வேண்டியதையெல்லாம் என் காதில் கொட்டு. முதலில் கத்துவேன். ஆனால் நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் ஃபோனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா