பதினொன்றாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வரப் பதினைந்து நாள். எடுத்த பெண் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். என் கழுத்து அவ்வளவு சுவாரசியம். பிளாஸ்திரியைப் பார்த்து மனைவி கேட்டாள். சவரக் காயம் என்றேன்.

மார்ச் 5

எனக்கு ஆயுள் காப்பீடு கிடையாது. காரணம் மைத்துனன். துக்க வீட்டுக்கும் விண்ணப்பப் படிவத்தோடு வருகிற ஏஜெண்ட். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், என் சக ஆசிரியர்கள் எதிரில், “அத்தானுக்கு ஏதாவது ஆனா அக்காவுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டான். அன்றே அவனுக்குப் ‘பிரீமியம்’ என்று பெயர் வைத்து வாசலைக் காட்டினேன்.

அதே கேள்வியை இன்று நானே கேட்டுக்கொண்டேன். என்ன இருக்கிறது? வாடகை வீடு. படிக்கிற மகள். நான் எழுதிய தர்க்கவியல் பாடநூல், கட்டிலுக்கு அடியில் நூற்றெண்பது பிரதிகள்.

மார்ச் 6

ஃபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான், கழுகு.

மார்ச் 7, வெள்ளி

பிரீமியத்தின் அலுவலகம்: ஒரு மேசை, ஒன்பது விருதுக் கேடயங்கள். எனக்குத் துறைத்தலைவர் நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. என் மாணவன் உட்கார்ந்திருக்கிறான் அதில்.

படிவத்தின் பதினொன்றாவது கேள்வி: ஏதேனும் மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்கிறீர்களா? ‘இல்லை’ மேல் பேனாவை வைத்தேன். அவன் கண் பிளாஸ்திரிக்குப் போயிற்று. சொல்லித் தொலைத்தேன். முடிவு வராதவரை நோய் என்று ஒன்று இல்லை, ஆகவே ‘இல்லை’ என்பது பொய்யாகாது என்று வாதாடினேன். மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

“நோய் இருக்கான்னு கேக்கல அத்தான். காத்திருக்கீங்களான்னுதான் கேக்குறான்” என்றான். “பொய் எழுதினா நாளைக்கு அக்காதான் வெறுங்கையோட நிக்கணும்.”

கமிஷன் போய்விடுமே என்று நினைவூட்டினேன். ‘ஆம்’ என்பதில் தானே டிக் போட்டு என் பக்கம் தள்ளினான். கையெழுத்திட்டேன். ஊரை ஏமாற்றுகிறவன் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன் — யோக்கியனாக இருக்க இவனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

அக்காவிடம் சொல்லாதே என்றேன். நீங்களே சொல்லிடுங்க என்றான்.

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

கம்பெனியின் கடிதம். பரிசோதனை முடிவு தெரியும்வரை விண்ணப்பம் ஒத்திவைக்கப்படுகிறதாம். கல்லூரியிலிருந்து நான் வருவதற்குள் மனைவி பிரித்துப் படித்திருந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“கட்டி உங்க கழுத்துல. எனக்குச் சொல்றது கம்பெனிக்காரனா?”

அவள் வைத்த காபியை நின்றுகொண்டே குடித்தேன்.

மார்ச் 19, புதன்

முடிவு கெட்டதுதான். இனி எந்தக் கம்பெனியும் என்னைத் தொடாது. அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மனைவி, நான், கூப்பிடாமலே வந்த பிரீமியம். ஆரம்ப நிலைதான், எடுத்துவிடலாம், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று அறிக்கையைப் பார்த்தபடியே சொன்னார். மனைவி தேதி கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிரீமியம் குலுங்கிக் குலுங்கி அழுதான். மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, நோயாளி அவன்தான் என்று நினைத்து, எழுந்து வந்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நாங்கள் யாரும் திருத்தவில்லை.